பக்கத்துப் பாதையில் நின்றுபோன கார்

போன பருவத்தின் கடைசிக் கார்ப் போட்டியில் நான் வென்றேன். அந்தக் கப்பு ஒரு கிழமைதான் எங்கள் வீட்டில் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க நான் அதன் முகத்தில் விழிக்காமலே வீடு கூட்டினேன்.

நான் சொல்வது உள்ளங்கையில் அடங்கும் காரை. எங்கள் வீட்டு மேல்மாடியில், பலகை மேசைகளைச் சேர்த்து என் கணவர் போட்ட பாதையில் அது ஓடும். பாதையில் நாலு பள்ளக் கோடுகள் உண்டு. காரின் அடியில் இருக்கும் சின்ன நாக்கை ஒரு கோட்டுக்குள் இறக்கிவிட்டு, கையில் உள்ள விசையை அழுத்தினால் கரண்ட் பாய்ந்து கார் ஓடும். அளவுக்கு மீறி அழுத்தினால் வளைவில் பறந்து போய்ச் சுவரில் மோதும். அப்போது வளைவருகே நிற்பவர் எடுத்துத் திரும்பக் கோட்டில் வைப்பார். அவ்வளவுதான் விளையாட்டு.

கட்டாரில் வேலை செய்த காலத்தில் என் கணவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஊருக்கு வரும்போது மற்றவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டு வந்தார்கள். இவர் இரண்டு பெட்டி நிறையப் பாதைத் துண்டுகளைக் கொண்டு வந்தார். பிறகு கல்முனையில் மின்சாமான் கடை போட்டார், கடைக்கு வந்து போனவர்களிலேயே ஏழெட்டுப் பேரைச் சேர்த்து கிளப் ஒன்றும் தொடங்கினார். சனிக்கிழமைகளில் இஷா தொழுதுவிட்டு வருவார்கள். நான் பிளேன்டீத் தட்டை மாடிப்படியின் பாதிவரை கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி விடுவேன். மேலே சிரிப்பும் சண்டையும் கேட்கும். கீழே நான் அபாயா தைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். வாதத்தில் வலது கையும் வலது காலும் போயின. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கிளப் ஆட்கள் பாதையைக் கழற்றி வைப்போமா என்று கேட்டார்கள். இவர் விடவில்லை.

"நீங்க வாங்க. நான் இருந்து பாப்பன்," என்றார்.

சனிக்கிழமைகளில் அவரைக் கதிரையோடு தூக்கி மேலே வைத்தார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை ஓட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. மாத்திரை கொடுக்க மேலே போன என்னை அவர் நிறுத்தினார்.

"என்ட காரை நீ ஓட்டு புள்ள."

"எனக்கென்ன தெரியும்?"

"மிசினைக் காலால அமத்துறாய்தானே? வளைச்சுத் தைக்கக்குள்ள மெதுவாக்குவாய்தானே? அதையே கையால செய்."

அன்று என் கார் எத்தனை தடவை பறந்தது என்று கணக்கில்லை. ஆனால் அடுத்த மாதத்தில் பறப்பது குறைந்தது. அதற்கடுத்த மாதத்தில் மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. அவருடைய கூடப்பிறந்த ராத்தாவே வந்து, "மாப்பிள்ள விழுந்து கிடக்கான், பொஞ்சாதிக்கு ஆம்புளையளோட விளையாட்டு கேக்குது" என்றார். என் கணவர் அவருக்குச் சொன்ன பதில் ஒன்றுதான்: "நான்தானே பக்கத்துல இருக்கன்." உண்மை அதுதான். அவர் அந்தக் கதிரையில் இருந்ததால்தான் நான் அந்த அறையில் நிற்க முடிந்தது. அவர் விழுந்ததால்தான் அந்த விசை என் கைக்கு வந்தது. இதை நான் மறந்த நாளில்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் காலையிலேயே என் விரல் தானாகத் துடிக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரைக் குளியலறைக்குக் கூட்டிப் போவது நான் மட்டும்தான். சொந்தத் தம்பி கையைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால், அவர்கள் போகும்வரை அடக்கிக்கொண்டு இருப்பார். மெல்லிய குரலில் "புள்ள" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் எனக்கு விளங்கிவிடும். கறிச் சட்டி அடுப்பில் இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கடைசிப் போட்டி நாள் வந்தது. நான் வட்டிலப்பம் செய்து வைத்திருந்தேன். இறுதி ஓட்டத்துக்கு மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றவர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு மெதடிஸ்த ஆசிரியர், எங்கள் எல்லோருக்கும் 'சேர்'. என் கணவரை அண்ணன்போல 'நானா' என்று கூப்பிடும் நெருங்கிய கூட்டாளி. ஒவ்வொரு வருடமும் இறுதிவரை வந்து தோற்றுப்போகிறவர். மற்றவர்கள் வளைவுகளில் நின்றார்கள். சுற்றுகளை எண்ணும் பெட்டியின் முன்னால் என் கணவரின் தம்பி இருந்தார். என் கணவரின் கதிரை எனக்குப் பின்னால், மின்விசிறிக்குக் கீழே இருந்தது.

தொடக்கத்திலிருந்தே சேர்தான் முன்னால். அவர் ஒரே சீராக ஓட்டுவார், அவசரமே இல்லை. நான் நேர்ப்பாதையில் பிடிப்பேன், வளைவில் விடுவேன். பாதி நேரம் போனபோது இரண்டு சுற்று பின்னால் இருந்தேன். பிறகு ஏதோ நடந்தது. விசையும் விரலும் ஒன்றாகிவிட்டது போல இருந்தது. இழந்ததில் ஒரு சுற்றை எடுத்தேன். அறையில் சத்தம் கூடியது.

அப்போதுதான் பின்னாலிருந்து "புள்ள" என்ற குரல் கேட்டது.

கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அவர் வழக்கம்போல வளைவில் மெதுவாக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. 'கொஞ்சம் பொறுங்களேன், எனக்குத் தெரியும்' என்று மனதுக்குள் எரிச்சலோடு சொல்லிவிட்டு இன்னும் அழுத்தினேன். திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பாதையில் சேரின் கார் நின்றுவிட்டது. பறக்கவில்லை, மோதவில்லை, நேர்ப்பாதையின் நடுவில் அப்படியே நின்றது. வயர் எரிந்துவிட்டது என்று நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். உதடு அசைய, சந்தோசமாகச் சொன்னேன். நின்ற காரைத் தாண்டி ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மறுபடியும் ஒரு சுற்று. ஒருவரும் கைதட்டவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மணி அடித்தது. விசையை வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு அவரைப் பார்க்கத் திரும்பினேன். கதிரையில் யாரும் இல்லை.

"எங்க?" என்றேன்.

தம்பி தலை குனிந்தார். "சேர் உள்ளுக்குக் கூட்டிப் போனாரு மதினி. நாங்க ஓட்டத்தை நிப்பாட்டப் போனம். சேர்தான் வேணாம் என்டு கைகாட்டினாரு."

மேல்மாடிக் குளியலறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். நான் கதவருகே போய் நின்றேன். தட்டத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். என் கணவர் சேரின் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்திருந்தார். சேரின் கைச்சட்டை முழங்கைவரை நனைந்திருந்தது. சொந்தத் தம்பியையே தொட விடாத மனிதர் அவர்.

"சேர், நீங்க ஓட்டத்தை விட்டுப்போட்டா போனீங்க?" என்றேன்.

"அதுக்கென்ன தங்கச்சி. நானாவுக்கு அவசரம், நான்தான் கிட்ட நின்டன். விசையைக் கீழ வச்ச ஆள் தோத்த ஆள். அதுதானே சட்டம்?"

"நான் கப்பு எடுக்க மாட்டன்."

"எடு," என்றார் என் கணவர். "நான்தான் சேரைக் கூப்பிட்டன். உன்னைக் குழப்பப்படாது என்டு."

"என்னை முதல்ல கூப்பிட்டீங்கதானே?"

"இல்ல. உன்னை நான் கூப்பிடவே இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எங்கள் இருவருக்கும் அது பொய் என்று தெரியும். எல்லோர் முன்னாலும் அந்தப் பொய்யை எனக்குத் தந்துவிட்டு, "வட்டிலப்பத்தைக் கொண்டு வா" என்றார். நான் கொண்டுபோனேன். கப்பைக் கையில் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரிக்கிறேன்.

அடுத்த நாள் அவருக்குச் சோறு ஊட்டும்போது மறுபடி கேட்டேன். "கூப்பிட்டீங்க. எனக்குக் கேட்டிச்சு."

மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "கேட்டும் திரும்பாம ஓட்டினாய் என்டா, உனக்கு அது எவ்வளவு புடிச்சிருக்கு என்டு எனக்குத் தெரியும். எனக்கும் அப்பிடித்தானே இருந்திச்சு. நீ காய்ச்சலோட கிடக்கக்குள்ளயும் நான் மேல ஓட்டிக்கிட்டுத்தானே இருந்தன்?"

அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அது தேறுதலாக இல்லை. காய்ச்சலில் கிடந்த என்னால் எழும்பி நடக்க முடிந்தது. அவரால் முடியாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்தக் கிழமையே சேருக்குத் தொலைபேசி எடுத்து, மறுபடி ஓட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். முதலில் மறுத்தவர், நான் இனி விசையைத் தொடவே மாட்டேன் என்றதும் சம்மதித்தார். அடுத்த சனிக்கிழமை ஓடினோம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் காது பின்னாலேயே இருந்தது. கார் மூன்று தடவை பறந்தது. சேர் வென்றார். எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள், என் கணவர் இடது கையால் தொடையில் தட்டினார். கப்பை நானே எடுத்துக் கொடுத்தேன். பாரம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். கப்பு போனது, அவ்வளவுதான். நான் தவறாக எடுத்தது சேரிடமிருந்து அல்லவே.

ஆனால் நான் நினைத்திராத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. ஒரு தடவை வேறொருவரின் தோளில் சாய்ந்தவருக்கு, அடுத்த தடவை அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. இப்போது அவருடைய தம்பி வந்து அவரை அசர் தொழுகைக்குப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். சில மாலைகளில் சேர் தன் முச்சக்கர வண்டியில் கடற்கரைக்கு ஏற்றிப் போவார். விழுந்த நாளிலிருந்து வீட்டு மதிலைத் தாண்டாத மனிதர், முகத்தில் உப்புக் காற்றோடு வந்து மீன் விலை சொல்கிறார். என்னை விட்டால் அவருக்கு ஆளில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னால்தான் அவர் அத்தனை நாளும் அடைந்து கிடந்தாரோ என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் வெளியே போயிருக்கும் அந்த நேரத்தில் வீடு அமைதியாக இருக்கும். தைக்க வேண்டியது இருக்கும். நான் மேலே போய்க் கரண்டைப் போட்டு, அவருடைய காரை எடுத்துக் கோட்டில் வைப்பேன். கீழே வாசல் கேற் திறக்கும் சத்தம் கேட்கும்வரை ஓட்டுவேன்.