வீரம்மாள் சொன்ன தப்பு விடை

இன்றைக்கு நான் நாலு வார்த்தை பேசுகிறேன் என்றால் அது வீரம்மாளால். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

காவாந்தண்டலத்து ஊரோரக் குடியிருப்பில் இருக்கிறாள். பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவுக்கு வருவாள். என் வயதுதான் இருக்கும். ஆனால் காலையில் குனிந்தால் மதியம் வரை நிமிராத உடம்பு. அவள் கோஷ்டியில் பாட்டு கிடையாது, விடுகதைதான். அவள் போடுவாள், மற்றவர்கள் நட்டுக்கொண்டே அவிழ்க்க வேண்டும். விடை தெரியாதவள் அன்றைக்கு நாற்றுக்கட்டு சுமக்க வேண்டும். சேற்றில் தலைச்சுமையோடு நடந்தவர்களுக்குத்தான் தெரியும், ஏன் எல்லாரும் அவ்வளவு அக்கறையாக யோசிக்கிறார்கள் என்று. வரப்பில் நிற்கும் நானும் சேர்ந்துகொள்வேன். நிலத்துக்காரி என்று எனக்குச் சலுகையெல்லாம் தரமாட்டாள்.

போன வருடம் எனக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தால் மனசுக்குத் தெரியும், நாக்குக்கு வராது. “பேச வையுங்கள், விட்டால் இப்படியே நின்றுவிடும்” என்றார் டாக்டர். வீட்டில் நடந்ததோ நேர் எதிர். நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் வெங்கடேசன், “காபியா? ஃபேனா? தலைவலியா?” என்று அடுக்குவார். நான் தலையாட்டினால் போதும். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பாசத்தில் நான் ஊமையாகிக்கொண்டிருந்தேன்.

நடவு வந்தது. அவர் என்னை வரப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். வீரம்மாள் என்னைப் பார்த்து ஆரம்பித்தாள்.

“யக்கா, சின்னதுல பச்சப் புடவ, பெருசானா மஞ்சப் புடவ, வயசாக வயசாக குனிஞ்சுகினே போவா. யாரு?”

“நெல்லு” என்றார் என் கணவர்.

அடுத்ததற்கும் அவரே முந்திக்கொண்டார். வீரம்மாள் நிமிர்ந்தாள்.

“அண்ணா, எல்லாருக்கும் டீ வாங்கினு வாங்க. நாக்கு வறண்டு கீது.”

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வீரம்மாள் மறுபடி என்னைப் பார்த்தாள்.

“வெள்ள வேட்டிக்காரரு, ஒத்தக் கால்ல நிப்பாரு. சேத்துல எறங்கனாலும் வேட்டியில கற படாது. மத்தவங்க உழுதா இவுருக்கு விருந்து. யாரு சொல்லு?”

விடை பக்கத்து வயலிலேயே நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது, வாய் கோணியது, சத்தம் வரவில்லை. யாரும் எனக்காகச் சொல்லவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

“சரி, நானே சொல்றேன்” என்றாள் வீரம்மாள். “நம்ம வெங்கடேசண்ணன்தான்.”

வயலே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதரைச் சோம்பேறி என்று திட்டுகிற உரிமை கல்யாணமான நாளிலிருந்து எனக்கு மட்டும்தான். அதோடு, அவர் என்றைக்கு ஒற்றைக் காலில் நின்றார்? விளையாட்டில் கூட இப்படியா தப்பு விடை சொல்வது?

“கொக்கு” என்றேன்.

எல்லாரும் நடுவதை நிறுத்தினார்கள். வீரம்மாள் சேற்றுக் கையோடு வரப்பேறி வந்தாள்.

“யக்கா, இன்னொரு வாட்டி.”

“கொக்கு.”

“கோவம் வந்தா பேச்சும் வந்துடும்னு நெனச்சேன். அண்ணன சொன்னதுக்கு மனசுல ஒண்ணும் வச்சிக்காத.”

மனசில் வைப்பதா? என் தெய்வமே என்று கும்பிடத் தோன்றியது. நன்றி சொல்ல முயன்றேன், அந்தச் சொல் வரவில்லை. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னிடம் இருந்த ஒரே சொல்லைச் சொன்னேன்.

“கொக்கு.”

“தெரியும்க்கா” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

டீத் தூக்கோடு வந்த என் கணவரிடமும் அதையே சொன்னேன். அவர் தூக்கைக் கீழே வைத்தார். எதுவும் கேட்கவில்லை. அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.