செருப்பை எண்ணும் வேன்காரர்

அந்த வேன்காரர் ஒரு பிள்ளையைக் கோயிலிலேயே மறந்துவிட்டு வந்தவர் என்று அக்கா சொன்னாள். அக்காவுக்குச் சொன்னது மாடிவீட்டம்மா. மாடிவீட்டம்மாவுக்குச் சொன்னது அவர் தங்கை. தங்கைக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எனக்கெப்படித் தெரியும்? எல்லாரும்தான் சொல்றாங்க" என்றாள் அக்கா.

"அப்புறம் ஏன் அந்த ஆளையே பேசி வச்சிருக்க?"

"அவர் வண்டியிலதான்டி ஏசி ஒழுங்கா வேலை செய்யுது."

அந்நிய தேசத்தில் வருஷம் முழுக்க எதற்காவது பயந்தே பழகியவள் நான். லீவுக்கு வந்தாலும் பயம் லீவு எடுப்பதில்லை. மகன் கையிலும் மகள் கையிலும் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிட்டேன். அக்காவின் பையன்கள் இருவரும் அதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இல்லையா சித்தி? நாங்க தொலைஞ்சா பரவால்லையா?" என்று கேட்டார்கள்.

வேன் வந்தது. சீட்டுக்கெல்லாம் பூப்போட்ட உறை, வேன்காரரின் மனைவி தைத்ததாம். ஆள் ஒல்லி. சட்டைப் பையில் சீப்பு. ஸ்டியரிங் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டு போனை நிமிர்த்தி வைத்திருந்தார். அதை அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். நான் விடுவேனா?

"அண்ணே, ரோட்டைப் பாருங்க."

"ரோட்டைத்தான்மா பாக்கறேன். பள்ளிக்கூடத்து மேடம் இன்னிக்குக் கூப்பிடறேன்னாங்க. ஸ்கூல் வேன் ஓட்டற வேலை. கோயில் ட்ரிப்பு லீவு நாள்லதான். மத்த நாள்ல வண்டியும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிப்போம். கூப்பிடறப்ப எடுக்கலேன்னா வேற ஆளைப் பாத்துடுவாங்களாம்."

முதல் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும், "செருப்பெல்லாம் கதவோரமா வரிசையா விடுங்க. திரும்பி வந்து எல்லாச் செருப்புலயும் கால் ஏறினப்புறம்தான் வண்டி நகரும்" என்றார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. என் மகளின் ரோஸ் நிறச் செருப்பு வரிசையின் கடைசியில், பட்டன் திறந்தபடி.

உள்ளே கல்தரை கொதித்தது. நான்கு பிள்ளைகளும் குதித்துக் குதித்துப் பிராகாரத்தைச் சுற்றின, நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா மட்டும் நிதானமாக ஒவ்வொரு சந்நிதியையும் இரண்டு தடவை சுற்றினாள். "முதல் சுத்து நமக்கு. ரெண்டாவது சுத்து வராதவங்களுக்கு." வராதவர்களில் என் வீட்டுக்காரரும் உண்டு. அவருக்காக நான் சுற்றவில்லை என்று அக்காவுக்கு ஒரு குறை.

வெளியே வந்ததும் மகன் நேராக வேன்காரரிடம் போனான்.

"மாமா, அவ்ளோ பெரிய பிள்ளையாரை அந்த எலி எப்படித் தூக்கும்?"

"ஓவர்லோடுதான் தம்பி. ஆனா சாமி வண்டிய யாரு மடக்கிக் கேப்பா?"

இரண்டாவது கோயிலிலும் அக்கா தாமதம். போன் இன்னும் அடிக்கவில்லை. பிள்ளைகள் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, மனசு கேட்காமல் அந்தப் பிள்ளை விஷயத்தை அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "நிஜம்தான்மா. விட்டுட்டுத்தான் வந்தேன். யாரோட பிள்ளைன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லையே."

"எம் பொண்ணு. அன்னிக்கு அவளும் அழுது அடம்பிடிச்சு முன்சீட்டுல ஏறிக்கிட்டா. நான் மத்தவங்க பிள்ளைங்கள ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டிருந்தேன். நடுவுல போன் வந்துச்சு. பேசிட்டு வச்சேன், எல்லாரும் இருக்காங்கன்னு நெனச்சுக் கெளம்பிட்டேன். முன்சீட்டு காலின்னு தெரிஞ்சப்ப எனக்கு உசுரே இல்ல. பறந்தடிச்சுத் திரும்பிப் போனா, பூக்காரம்மாகூட உக்காந்து பூ கட்டிக்கிட்டிருக்கா. என்னைப் பாத்து, 'நீங்க தொலைஞ்சு போயிட்டீங்கன்னு நெனச்சேம்பா'ங்கறா!"

முன்பெல்லாம் சரக்கு லாரி ஓட்டியவராம். "மூட்டை ஏத்தினா ஏத்தினதுதான். நடுவுல எறங்கி வேடிக்கை பாக்கப் போகாது" என்றார். அன்றிலிருந்துதான் இந்தச் செருப்பு வரிசை. எண்ணி முடிக்கும்வரை போனைத் தொடுவதில்லை.

"அந்த மேடம் காதுக்கும் இந்தப் பேச்சு போயிருக்கும்மா. அதான் பேசிப் பாத்து முடிவு பண்றேன்னாங்க."

கடைசிக் கோயிலை விட்டு வெளியே வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மூன்று பையன்களும் ஓடிவந்து செருப்பில் காலை நுழைத்தார்கள். நானும் போட்டுக்கொண்டேன். வேன்காரர் கதவருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மேடம்தானே? எடுங்கண்ணே!"

அவர் போனைப் பார்த்தார். செருப்பு வரிசையைப் பார்த்தார். அக்காவின் செருப்பும் மகளின் ரோஸ் செருப்பும் மிச்சம்.

"பாப்பா அக்காகூடத்தான் இருக்கா. நான் சொல்றேன்ல?" என்றேன். பிள்ளை தொலையும் என்று காலையிலிருந்து நடுங்கியவள் நான்தான்.

"அன்னிக்கும் அப்படித்தாம்மா நெனச்சேன்."

அடித்து ஓய்ந்தது. அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கோபுர வாசலுக்கே ஓடினேன். உள்ளே அக்கா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வராதவர்களுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! வராதவங்க வராமலே இருக்கட்டும், நீ வா!"

"ஏன்டி கத்தற? சாமியே திரும்பிப் பாக்குது."

விஷயத்தைச் சொன்னதும் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. நாங்கள் வண்டியை எட்டவும் போன் மறுபடி அடிக்கவும் சரியாக இருந்தது. அக்கா இடம் வலம் பார்க்காமல் காலை நுழைத்துக்கொண்டு, "என்னால கெட்டுடப் போகுதே, எடுங்க தம்பி!" என்றாள்.

அவர் கண் ரோஸ் செருப்பின் மேல் இருந்தது. மகள் படியில் உட்கார்ந்து ஒரு காலை நுழைத்தாள். இன்னொரு காலையும் நுழைத்தாள். எழுந்து நின்று குனிந்து பார்த்தாள்.

"கால் மாத்திப் போட்டுட்டேன்" என்று இரண்டையும் கழற்றினாள்.

"மெதுவா போடு பாப்பா" என்றார் வேன்காரர். போன் அடித்துக்கொண்டிருந்தது.