பீப்பாய்க்குள் ஓர் அருவி

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் ஒழுங்கையில் அவர் வீடு இருந்தது. கப்பல் ஒன்றின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காதிரண்டும் அங்கேயே போய்விட்டன. மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். தனியாகத்தான் இருந்தார்.

பாதியாய் அறுத்த எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை வேலியோரம் வைத்து, அதில் அல்லியும் சின்ன மீன்களும் வளர்த்தார். பக்கத்தில் கல்லடுக்கி, ஓட்டை போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தை அதன் உச்சியில் ஏற்றியிருந்தார். தகரத்துத் தண்ணீர் கல் கல்லாய் இறங்கிப் பீப்பாயில் விழும். பின்னேரங்களில் அதையே வாளியால் அள்ளித் திரும்ப மேலே ஊற்றுவார். இடையிடையே பீப்பாயின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்ப்பார். எஞ்சின்காரர் பழக்கம்.

ஒருநாள் வேலை முடிந்து வந்த நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றேன். அவர் என் வாயைப் பார்த்தபடி கேட்டார்:

"சத்தம் எப்பிடி?"

"பைப் ஒழுகுற மாதிரிக் கிடக்கு, ஐயா."

கோபிக்கவில்லை. ஒரு கல்லைச் சற்றுச் சரித்தார். தண்ணீர் பரந்து விழுந்தது.

"இப்ப நல்லாயிருக்கு. ஆனா உங்களுக்குக் கேக்காதே, பிறகேன் இந்தப் பாடு?" என்றேன்.

"முந்தி இந்த ஒழுங்கையால போற ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பிறேல்ல. இப்ப எல்லாரும் திரும்பிப் பாக்கினம். நீங்கள் நிண்டு கதைக்கிறியள்."

அதன்பிறகு எந்த அவசரத்திலும் அந்த வேலியடியில் நான் தலையைத் திருப்பாமல் போனதில்லை. தண்ணீர் விழாத நாட்களிலும்தான்.