மூன்றாவது தடவை

சமையலறையில் கெட்டில் விசிலடித்தது. பர்வானே எழுந்திருக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஸ்ரீநாத், சிங்கப்பூர் தேக்காவில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துபவன், அவள் எழுதிய புத்தகத்தைக் கேட்டு ஈசூனில் இருக்கும் வீடுவரை வந்திருந்தான்.

"அதெல்லாம் ஒரு புத்தகமா தம்பி? வேணாம்."

ஒன்று, என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டாள்.

அவள் பிறந்த ஈரானின் ஷிராஸில் கேட்டவுடனே சரி என்பது மரியாதை இல்லை. இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது தடவையும் கேட்டால்தான் மனசாரக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கப்பல் எஞ்சினியர் ரத்னவேல் அவளைப் பெண் கேட்டதும் அப்படித்தான்.

அவர் கைபிடித்து சிங்கப்பூர் வந்தபோது அவள் இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கதைத் தொகுப்பு ஒன்று போட்டவள். பாரசீகம் படித்தவளுக்கு இங்கே என்ன வேலை? முப்பது வருடம் நூலகத்தில் அடுத்தவர்கள் எழுதியதை அடுக்கினாள். வானொலி கேட்டும் மீன்கடையில் பேரம் பேசியும் பழகிய தமிழில், இரண்டு மொழித் தாலாட்டுகளையும் அருகருகே வைத்து நானூறு பக்கம் எழுதினாள். தட்டச்சு செய்து கொடுத்த ரத்னவேல், கடைசி அத்தியாயத்துக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். அந்தக் கட்டு இப்போது மேசைமேல் இருந்தது. அவளுக்கு எழுபத்திரண்டு வயது. இனி யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

முழங்கால் வலியோடு போய்த் தேநீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றான். மறுபடியும் வேண்டாம் என்றான். அவள் மூன்றாவது தடவை நீட்டியதும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். இவனுக்கும் தெரிந்திருக்கிறதே! அவளுக்கு உயிர் வந்தது.

"இன்னொரு தடவை யோசிங்க ஆன்ட்டி. நல்லபடியா போட்டுத் தரோம்."

"எனக்காக நீங்க ஏன் சிரமப்படணும்? விடுங்க லா."

இரண்டு.

ஸ்ரீநாத் அவளுடைய களைத்த முகத்தையே பார்த்தான். கோப்பையை மெல்ல வைத்தான்.

"சரி ஆன்ட்டி. ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. இதுக்கு மேல கேட்டா உங்களைத் தொல்லை பண்ற மாதிரி ஆயிடும்."

எடுத்துக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டைவரை வந்தது; நாக்குதான் புரளவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி மட்டும் மூன்று தடவை கெஞ்சினாள். அவன் நேரமாகிவிட்டது என்றான்.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டியவன் நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பர்வானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீ ரொம்ப நல்லா இருந்துச்சு ஆன்ட்டி."

மின்தூக்கி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவள் கதவைச் சாத்தினாள்.