பெயர் கேட்காத ரோபோ

காலை ஆறு ஐம்பது. கிளிநொச்சிக் கண் கிளினிக்கின் ஜன்னலில் முதலில் தெரிந்தது பனி. இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து வந்து வயல், றோட்டு, மின்கம்பம் என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. ஜன்னலடியில், அந்த வெள்ளையிலேயே பிடித்து வைத்ததுபோல ஒரு ரோபோ.

சின்னப் பிள்ளையின் உயரம். உருண்டைக் கண்கள். காத்திருக்கும் நோயாளிகளோடு கதைத்துப் பயத்தைக் குறைப்பது அதன் வேலை. செய்தவர் தர்ஷினி... கண்டாவளைப் பெண், இறுதியாண்டுப் பொறியியல் மாணவி. ஒரு வாரமாக ஒருவரும் அதோடு கதைக்கவில்லை. இன்றும் இல்லையென்றால், அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு புரொஜெக்ட் எடுக்க வேண்டும்.

நானும் கண் காட்ட வந்திருந்தேன்; எனக்கு முந்திய நம்பர் பிலோமினா அம்மாவுக்கு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கண் ஒப்பரேஷனுக்கு வந்தவர். வேறு இடமில்லாமல் ரோபோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அது திரும்பி அவர் முகத்தையே பார்த்தது.

“வணக்கம். உங்கட பேர் என்ன? எந்த ஊர்?”

பிலோமினா அம்மா கைப்பையைத் திறந்தார். அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அதன் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

சுவரோரம் நின்ற விவசாயி ஒருவர், “பின்பக்கத்தையும் காட்டுங்கோ அக்கா, இல்லாட்டி விடாது” என்றார்.

தர்ஷினி ஓடிவந்தார். “அம்மா, அது சும்மா கதைக்கத்தான் கேட்டது.”

“பேரும் ஊரும் கேட்டா வேற என்னத்தைக் காட்டுறது, பிள்ளை?”

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. கண் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், குரல் எவ்வளவு மென்மையாக இருக்கவேண்டும் – தர்ஷினி எல்லாம் யோசித்துத்தான் செய்திருந்தார். ஆனால் இந்தப் பக்கத்தில், போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் பெயரும் ஊரும் கேட்டுப் பதிந்தவர்களில், கதைத்துச் சிரிக்க வந்தவர்கள் எத்தனை பேர்?

தர்ஷினி லப்டொப்பை மடியில் வைத்து எதையோ அழித்தார், எதையோ எழுதினார். பிறகு ரோபோவை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார். இப்போது அதுவும் பிலோமினா அம்மாவும் ஒரே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னைச் செய்தது கிளிநொச்சியில,” என்றது ரோபோ. வேறொன்றும் கேட்கவில்லை.



“கடல் பாத்திருக்கிறியோ?” பிலோமினா அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“இல்லை. சொல்லுங்கோ.”

“உது மாதிரித்தான். விடியப்புறம் கரையும் தெரியாது, தண்ணியும் தெரியாது. வள்ளம் வானத்தில நிக்கிற மாதிரி. கையை விட்டுப் பாத்தாத்தான் கடல்.”

“பயமில்லையோ?”

“ஓம், பயம்தான்.” ஜன்னலிலிருந்து ரோபோவின் பக்கம் திரும்பினார். “இண்டைக்கும் பயம்தான். கண்ணில கத்தி வைக்கப்போகினம்.”

உள்ளேயிருந்து அவரது நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். “இரு, வாறன்,” என்று ரோபோவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கதிரையில் விவசாயி வந்து உட்கார்ந்தார்.