ஆற்றுமணலில் அம்மனும் அப்பாவின் ஜீப்பும்

எங்கள் அப்பாவிடம் ஒரு ஜீப் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எழுபதுகளில், பாகூர்ப் பக்கம், அது சின்ன விஷயமா? பட்டாளத்தில் கழித்துப்போட்ட வண்டி. ஏலத்தில் எடுத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்து, கரும்பு வெட்டும் பருவத்தில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தள்ளினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், இது ஏறாத இடமே இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். ஏற்கெனவே கேட்டவர்களுக்கும் விலக்கில்லை. அம்மா அடுக்களையில் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பா திண்டிவனத்துப் பக்கத்துக்காரர். அம்மாவைக் கட்டிக்கொண்டு அம்மாவின் ஊரிலேயே தங்கிவிட்டவர். வீட்டோடு மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டிலோ உபசாரத்திலோ ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். ஆனால் ஊரின் தலைக்கட்டுகளில் அவர் சேர்த்தி இல்லை. கோயில் கூட்டத்தில் ஓரமாக உட்காரலாம், பேச முடியாது. அம்மன் ஊர்வலத்தில் பின்னால் நடக்கலாம், சாமி தூக்கும் வாரைக் கம்புக்குத் தோள் கொடுக்க முடியாது. அது ஊர்ப் பங்காளிகளின் உரிமை. அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, முன்வாரையில் முதல் ஆள். ஒரு தடவையாவது அம்மனுக்குத் தான் ஏதாவது செய்துவிடவேண்டும் என்று அப்பாவுக்கு இருந்த ஆசை வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும்கூட.

தை மாதம், பொங்கல் கழிந்து சில நாளில் பெண்ணையாற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வந்து நீராடும். எங்கள் அம்மன் கரைவரை மாட்டுவண்டியில் வருவாள். அங்கிருந்து தண்ணீர்வரை தோளில்தான். தண்ணீர் எங்கோ எதிர்க்கரை ஓரம் ஒதுங்கி ஓடும், நடுவில் கண்ணுக்கெட்டியமட்டும் மணல். அந்த வருஷம் தூக்குகிற ஆட்களில் சிலருக்கு முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, அப்பா கேட்காமலே எழுந்து, கோயில் வாசலிலிருந்து தண்ணீர்வரை ஜீப்பிலேயே கொண்டுபோய் இறக்குகிறேன் என்றாராம். பெரியவர்கள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பெரிய மாமா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

முதல்நாள் சாயங்காலம் அப்பா காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்கு டயரையும் தட்டித்தட்டிப் பார்த்துக் கல்லாக ஆக்கினார். டயர் திடமாக இருந்தால் மணல் ஒன்றும் செய்யாது என்பது அவர் எண்ணம். மணலுக்கு அதற்கு நேர்மாறு வேண்டும், காற்றை இறக்கிவிட்டால்தான் சக்கரம் அகலமாகப் படிந்து மேலோடு போகும் என்பதை நான் பெரியவளாகி வண்டி ஓட்டிப் பழகியபின் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் முதுகு வியர்வையைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை.

காலையில் பின்சீட்டைக் கழற்றிப் பலகை போட்டு, அம்மனை வைத்துக் கட்டி, பூவும் வாழைக்கன்றுமாக ஜோடித்தார்கள். பூசாரி ஏறினார். குடைக்காரர் ஏறினார். வாங்க வாங்க என்று அப்பா கூப்பிடக் கூப்பிட, நடக்க மாட்டாத பெரியவர்களெல்லாம் ஏறிக்கொண்டார்கள். முன்னால் புதுப்பாவாடையோடு நான். வகுப்புப் பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். நான் அவர்களைத் தெரியாதவள்போல நேரே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கரை இறங்கியதும் ஈரமண் கெட்டியாக இருந்தது. அப்பா குட்டிக் கம்பிகளைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச தூரம்தான். காய்ந்த மணல் வந்ததும் இஞ்சின் குரல் மாறியது, வண்டி முக்கியது, நின்றது. அப்பா மிதித்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. நான்கும் சேர்ந்து நான்கு குழி தோண்டின. பின்னால் வந்த மேளக்காரர்கள்மேல் மணல் வாரி அடித்தது. வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. அம்மன் ஒருபக்கமாகச் சாய, பூசாரி கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அப்பா மண்டியிட்டுக் கையால் மணலை அள்ளினார். வாழைக்கன்றுகளைப் பிடுங்கிச் சக்கரத்தடியில் போட்டார். போதவில்லை என்று இடுப்பில் கட்டியிருந்த பட்டுத் துண்டையும் அவிழ்த்துப் போட்டார். சக்கரம் அதைச் சுருட்டிக் கிழித்துப் பின்னால் துப்பியது. அடுத்த ஊர்ச் சாமி ஆட்களின் தோளில் ஆடி ஆடி எங்களைத் தாண்டிப் போயிற்று. தூக்கியவர்களில் ஒருவன் ஏதோ சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு அந்த மணலுக்குள்ளேயே போய்விடலாம்போல இருந்தது. அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது.

உச்சிக்குள் அம்மன் தண்ணீரில் இறங்கியாகவேண்டும். அப்பா மறுபடி ஏறி உட்கார்ந்து, இன்னும் ஒரே தடவை என்றார். அப்போதுதான் கரையிலிருந்து மாட்டுவண்டி வந்தது. அதில் வாரைகள் இருந்தன. பெரிய மாமா யாரிடமும் சொல்லாமல் காலையிலேயே அவற்றை ஏற்றிக் கொண்டுவந்து கரையில் நிறுத்தி வைத்திருந்தார்.

கடகடவென்று கட்டினார்கள். அம்மன் வாரைக்கு மாறினாள். பின்வாரையில் ஓர் ஆள் குறைந்தது. அப்பா சட்டையைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு ஓடிப்போய் அங்கே குனிந்து தோளைக் கொடுத்தார். பெரிய மாமா முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார். குரல் ஏறவே இல்லை.

"மாப்ள, நீங்க இருங்க. இது எங்க வேல."

அப்பா நிமிர்ந்தார். அந்த இடத்துக்கு மாமாவின் மகனைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு உயரம் பற்றாது. தோளில் துண்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டு வாரையைத் தாங்கினான். மேளம் கிளம்பியது, கூட்டமும் அதோடு போயிற்று. மணலில் நாங்கள் இரண்டு பேரும் ஜீப்பும் மிச்சம்.

அப்பா சட்டையைப் போடாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தேற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"எல்லாரையும் வேல வாங்குனாரு மாமா. உன்ன மட்டும் இருக்கச் சொல்லிட்டாரு, பாத்தியாப்பா" என்றேன்.

"ஆமாம்மா" என்றார்.

அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கப் போகிறது? மாமா இத்தனை பேர் முன்னால் எங்கள் அப்பாவுக்கு மரியாதை செய்துவிட்டார் என்று எனக்கு மனசு ஆறிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஜீப் புதைந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது நான் சும்மா இருக்கவில்லை. உங்க அப்பாங்கல்லாம் சாமி தூக்கினார்கள், எங்க அப்பாவை மட்டும் தூக்கவே விடவில்லை, தெரியுமா என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.