ஊமத்தம் புகை

போன வாரம் கிள்ளான் ரயிலடி வேலியோரம் ஓர் ஊமத்தஞ்செடியைப் பார்த்தேன். காரை நிறுத்தும்படி மகனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அப்படி ஒரு செடி இருந்தது. காயைத் தின்றால் பைத்தியம் பிடிக்கும், செத்தும் போகலாம் என்று அம்மா எங்களை அதன் பக்கம் விடமாட்டார். ஆனால் அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, அதுதான் மருந்து. மூச்சிழுப்பு வந்தால் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்து, கால்வாய் ஓரம் குந்திக்கொண்டு புகையை இழுப்பார். கல்யாணமாகாத பெண் சுருட்டுப் பிடிப்பது வெளியில் தெரியலாமா? யாரும் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

கிள்ளானிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். சீக்குக்காரி என்று கேள்விப்பட்டு முன்பு வந்தவர்களெல்லாம் விலகிப் போயிருந்தார்கள். இந்த இடமாவது அமையட்டும் என்று, ஊமத்தை வாடை தெரியாமலிருக்க அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். அந்தப் புகையே அத்தைக்கு இழுப்பைக் கொண்டுவந்துவிட்டது. காப்பியைக் கொடுத்த கையோடு பின்பக்கம் ஓடிப் பற்றவைத்தார். நான் பின்வாசலில் நின்றேன்.

கை கழுவ என்று மாப்பிள்ளை எழுந்து வந்தார். இரண்டு கையையும் விரித்து மறித்தேன்.

“என்னம்மா இங்க புகை?”

“கொசுவுக்குப் போட்டது, அண்ணே.”

பின்னால் அத்தை இருமினார்.

“உங்க வீட்டுக் கொசு நல்லா இருமுது லா” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதீர்கள், அத்தைக்குக் கல்யாணம் நடக்காது என்றேன். அவர் கை கழுவாமலே உள்ளே போய்விட்டார்.

உள்ளே அவருடைய அம்மா, பெண்ணைக் காணோமே, கிளம்பலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையோ இன்னொரு காப்பி கேட்டார். அதைக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். மூன்றாவது கிளாஸ் முடியும்போது அத்தை முகம் கழுவி, மூச்சு சீராகி, வந்து நின்றார். மாப்பிள்ளை சரியான தீனிக்காரர் என்று அம்மாவின் காதில் சொன்னேன். கிள்ளு வாங்கினேன்.

கல்யாணம் நடந்தது. பள்ளி விடுமுறைக்குக் கிள்ளான் போனபோது, அவர்கள் வீட்டுப் பின்புறம் ஓர் ஊமத்தஞ்செடி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தொடாமலிருக்க மாமா கம்பிவலை கட்டியிருந்தார். காலையில் அத்தை எனக்குக் காப்பியும் மாமாவுக்குத் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். மாமாவுக்குக் காப்பி இல்லையா என்று கேட்டேன்.

“அவருக்குக் காப்பி ஒத்துக்காதுடி. நெஞ்சு எரியும். வாயிலயே வைக்க மாட்டாரு.”

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் ஓடினேன். காப்பியே குடிக்காத மாமா நம் வீட்டில் மட்டும் மூன்று கிளாஸ் குடித்தாரே, உங்கள் காப்பிக்கு அவ்வளவு ருசி என்று பெருமையாகச் சொன்னேன்.